ஜெயபாரதியின் மூன்றாவது பரீட்சை: மாமா மட்டும் படிக்கவும்

ரோலா, ஷார்ஜா
ஞாயிற்றுக்கிழமை மதியம்

பெருமதிப்பிற்குரிய மாமா ரகுநாதன் அவர்கள் சமூகத்திற்கு, மருமகன் கார்மேகம் பணிவுடன் எழுதுவது.

தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், அத்தையின் சர்க்கரை மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்கிறது என்றும் நம்புகிறேன். இங்கே தங்கள் மகள் ஜெயபாரதி சுகம். பேத்தி சந்தியா சுகம். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் போன் ஜெயபாரதியிடம் இருக்கிறது, அவளுடைய பாடக்குறிப்பெல்லாம் அதில்தான். வேறு யார் போனையாவது வாங்கிப் பேசலாம் என்றால் எங்கள் அறைக்குச் சுவர் கிடையாது, பிளைவுட் தடுப்புதான். ஒரே ஃபிளாட்டை நான்காகத் தடுத்திருக்கிறார்கள், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து 'நூறு' என்கிறார்கள். அதனால் கட்டட மொட்டைமாடிக்கு வந்து, ஏசி அவுட்டோர் யூனிட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஏசி மெக்கானிக் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெயில் நாற்பத்து நான்கு டிகிரி. எழுத்து எங்காவது கலைந்திருந்தால் அது வியர்வை. சில இடங்களில் வியர்வைதானா என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெயபாரதி இந்த ஊரில் நர்ஸ் வேலை பார்ப்பதற்கான உரிமத் தேர்வை ஏற்கெனவே இரண்டு முறை சென்னையில் எழுதித் தவறவிட்டது தங்களுக்குத் தெரியும். முதல் முறை கொஞ்சத்தில் போனது, இரண்டாம் முறை அதைவிடக் கொஞ்சத்தில் போனது. பரமக்குடி ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் வார்டைத் தனியாகக் கட்டி ஆண்டவள். நோயாளி முகத்தைப் பார்த்ததும் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு கேள்விக்குக் கீழே நான்கு விடையைக் கொடுத்து, நான்கும் சரி, அதில் ரொம்பச் சரி எது என்று கேட்டால் எவள்தான் என்ன செய்வாள்? எங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்குப்படி இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. பாஸ் ஆனால் இங்கே ஒரு கிளினிக்கில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், விசா அவர்களே போடுவார்கள், சந்தியாவை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். ஃபெயிலானால் விசிட் விசா முடிந்து தாயும் மகளும் பதினான்காம் தேதி விமானம் ஏறுவார்கள். நான் பழையபடி பேச்சிலர் ரூமில் மேல்கட்டிலுக்குப் போய்விடுவேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் இருந்தது இந்தத் தடவைதான் மாமா. ஆகவே இது சாதாரணப் பரீட்சை இல்லை என்பது தங்களுக்கே விளங்கும்.

இப்போது நான் செய்த பாவத்தைச் சொல்கிறேன். அவள் வந்த முதல் வாரம், பரீட்சை எழுதப் போகிறவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு கேள்விகள் கொண்ட ஒரு தொகுப்பு வந்தது. கேள்விகள் தனி, விடைகள் தனி. விடைத்தாளில் வாசகமே கிடையாது, ஒன்று பி, இரண்டு டி, மூன்று ஏ என்று எண்ணும் எழுத்தும் மட்டும் வரிசையாக ஓடும். அதைப் பிரிண்ட் எடுக்க நம் கீழக்கரை ஹசன் அலி பாய் நடத்தும் டைப்பிங் சென்டருக்குப் போனேன். அன்றைக்கு அங்கே விசா தட்டச்சு செய்ய ஒரே கூட்டம். பாய் 'தம்பி, வரும், செத்த நில்லுங்க' என்றார். கீழே வண்டியில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. நானே பிரிண்டர் தட்டில் கையை விட்டு, சூடாக வந்த தாள்களை அள்ளி, நானே ஸ்டேப்ளர் அடித்து, நானே பெருமையாகக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் கேள்வி கேட்பது, அவள் பதில் சொல்வது என்று ஏற்பாடு. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் முப்பத்தாறு மார்க் வாங்கியவன் பரீட்சை அதிகாரி ஆகிவிட்டேன்.

முதல் நாளே தகராறு. மூச்சுத் திணறலோடு வந்த நோயாளிக்கு முதலில் என்ன செய்வாய் என்று கேட்டேன். 'தலமாட்ட ஒசத்தி நிமிந்து உக்கார வப்பேன், சி' என்றாள். விடைத்தாளைப் பார்த்தேன். ஏ என்று இருந்தது. ஏ என்றால், வீட்டுக்குப் போனபின் கடைப்பிடிக்க வேண்டிய உணவுமுறையை விளக்கிச் சொல்லுதல். தப்பு என்றேன். 'மூச்சு விட முடியாதவன்கிட்ட இட்லி சாப்பிடு, வட சாப்பிடாதேன்னு சொல்லவா?' என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் விடைத்தாளில் அச்சாகி வந்தது தப்பாக இருக்குமா என்கிற மரியாதையில், 'அவன் மனசு சாப்பாட்டுப் பக்கம் திரும்பினா மூச்சு தன்னால வரும், அதான் மேல்நாட்டு முறை' என்று விளக்கம் கொடுத்தேன். அடுத்தது, பிறந்த குழந்தை அழவில்லை. விடைத்தாள்படி முதல் வேலை, தாயிடம் கையெழுத்து வாங்குவது. 'கையெழுத்து வாங்குற வரைக்கும் புள்ள தாங்குமா?' என்றாள். 'இந்த நாட்டுல கையெழுத்து இல்லாம எதும் நடக்காது, நீ ஊர் நெனப்புலயே இருக்க' என்று அதட்டினேன். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த சந்தியா நிமிர்ந்து பார்த்து, 'அப்பா, தட் மேக்ஸ் நோ சென்ஸ்' என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் படிக்கும்போது குறுக்கே பேசாதே என்று அவளையும் அடக்கினேன். நான்கில் ஒரு விடை தற்செயலாகச் சரியாக வந்து தொலைத்ததுதான் மாமா வினை. எல்லாமே தப்பாக வந்திருந்தால் எனக்கே சந்தேகம் தட்டியிருக்கும். நாலைந்துக்கு ஒருமுறை 'பாத்தியா, இத மட்டும் எப்பிடிக் கரெக்டாச் சொன்ன' என்று பாராட்டவும் வாய்ப்புக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் மாயாண்டி சம்பவம். மாயாண்டி என்பவன் எங்களுக்கு அடுத்த தடுப்பில் இருப்பவன், பார்த்திபனூர்க்காரன், கட்டட சைட்டில் கம்பி கட்டுகிறான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதும் அவன்தான். போன மாதம் ஒருநாள் வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்து, 'அண்ணே, கண்ண இருட்டுது' என்று வாசலிலேயே சாய்ந்தான். எனக்குச் சட்டென்று நூற்றுப் பதினெட்டாம் கேள்வி நினைவுக்கு வந்தது. வெயிலில் மயங்கியவருக்கு முதலில் செய்ய வேண்டியது டி. டி என்றால் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுதல். ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி நிறுக்க நாங்கள் வைத்திருக்கும் தராசை இழுத்துவந்து, அவனை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் நிறுத்தினேன். எழுபத்தொரு கிலோ என்று நான் படித்து முடிப்பதற்குள் அவன் முழுசாக விழுந்துவிட்டான். ஜெயபாரதி சமையலறையிலிருந்து ஓடிவந்து, அவனை ஏசிக்கு நேரே படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் கழுத்தும் அக்குளும் துடைத்து, கண் விழித்து நன்றாக விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புச்சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். அரைமணி நேரத்தில் அவன் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா மாமா? 'பரீட்சையில இப்பிடிச் செஞ்சா மார்க் போயிரும்' என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, 'சரிங்க, பரீட்சையில எடை பாக்குறேன். இப்பத் தள்ளி நில்லுங்க' என்றாள்.

முதல் மாதம் முழுவதும் அவள் மார்க் எழுபத்தைந்து, எண்பது என்றே நின்றது. முந்நூறுக்கு! பத்துமுறை திருத்தியும் அதே பதிலையே மறுபடி சொல்வாள். நான் மனம் ஒடிந்துவிட்டேன். இவள் பிடிவாதத்தால்தான் இரண்டு முறையும் போனது என்று தீர்மானித்து, இரண்டு நாள் சாப்பிடாமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அற்புதம் நடந்தது. மார்க் நூற்றைம்பது ஆனது. பிறகு இருநூறு. போன வாரம் இருநூற்றுத் தொண்ணூறு! உணவுமுறை, கையெழுத்து, எடை எல்லாம் தண்ணீர் பட்டபாடு. நான் கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே எழுத்தைச் சொல்லிவிடுகிறாள். அன்றைக்குச் சந்தோஷத்தில் மூன்று பேருக்கும் பிரியாணி வாங்கிவந்தேன்.

நேற்று அவளுடைய பரீட்சை அனுமதிச் சீட்டைப் பிரிண்ட் எடுக்க மறுபடி ஹசன் அலி பாய் கடைக்குப் போனேன். அங்கே சிவகங்கைப் பக்கத்து மணிமாறன் என்று ஒரு ஆள் கத்திக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி கார்டு வேலைக்கான தேர்வில் இரண்டு முறை ஃபெயிலாம். 'பாய், ஒங்க கடையில எடுத்த பேப்பர்தான், அட்சரம் பெசகாமப் படிச்சேன். கேட்டுல ஆளில்லாத பை கெடந்தா என்ன செய்வேன்னு கேக்குறான். இதுல சி போட்டுருக்கு. சி-ன்னா, தொட்டுப் பாத்து ஒரசிப் பாத்து தொறந்து பாக்குறதாம்! அத எழுதுனேன், என்னயவே வெளிய போகச் சொல்லிட்டாய்ங்க' என்றார். பாய் அவருடைய விடைத்தாளை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், நர்ஸிங் என்று இருந்தது. பையிலிருந்து என் விடைத்தாளை எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அதில் செக்யூரிட்டி. பாய் இரண்டையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, 'அன்னைக்கி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தட்டுல கைய விட்டிய. நான் செத்த நில்லுங்கன்னுதானே சொன்னேன்' என்றார். அவ்வளவுதான் சொன்னார். மணிமாறன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். திட்டுவார் என்று பார்த்தால், 'ஒங்களுக்குப் பரீட்ச எப்ப?' என்று கேட்டார். எனக்கில்ல, என் சம்சாரத்துக்கு, செவ்வாய்க்கெழம என்றேன். 'அய்யய்யோ' என்று தலையில் கை வைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தன் இரண்டு ஃபெயிலையும் மறந்து எனக்காக வருத்தப்பட்ட நல்ல மனுஷன்.

ஆக மாமா, தங்கள் மகள் இரண்டு மாதமாக உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்து வைத்திருப்பது ஒரு வாட்ச்மேனின் விடைகளை. இன்று காலை அவள் சமைத்துக்கொண்டே தனக்குள் ஏ, டி, பி, பி என்று முணுமுணுத்ததைக் கேட்டேன். நான் இப்போது என்ன செய்வது? எனக்கும் எல்லாம் நான்கு விடையாகத்தான் தோன்றுகிறது. ஏ, உண்மையைச் சொல்லிவிடுவது. சொன்னால் இரண்டு நாளில் முந்நூறு விடையையும் மறந்து முந்நூறு விடையைப் புதிதாகப் படிக்க எந்த மனுஷியால் முடியும்? இருக்கிற தைரியமும் போய்விடும். பி, சொல்லாமல் இருந்துவிடுவது. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை அவள் நம்பிக்கையோடு உள்ளே போய், மூச்சு முட்டுகிறவனுக்கு உணவுமுறை சொல்லிவிட்டு வருவாள். சி, பரீட்சையைத் தள்ளிப் போடுவது. அதற்குள் விசா முடிந்துவிடும். டி, நான் எங்காவது ஓடிப்போவது. என் பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் இருக்கிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. ஃபெயிலானால் அவள் என்னைத் திட்ட மாட்டாள், தங்களுக்குத் தெரியும். தன் தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்ட ஆரம்பிப்பாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது. டூட்டி முடிந்து வரும்போது வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடக்கிறது மாமா. அந்தச் செருப்புகளைப் பார்த்துவிட்டு உள்ளே போவதற்காகவே நான் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி வருகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தாங்கள் சுகாதார ஆய்வாளராக முப்பது வருடம் இருந்தவர், எத்தனையோ இக்கட்டைப் பார்த்தவர். தங்கள் முடிவே முடிவு. மாயாண்டி நாளை மதியம் மதுரையில் இறங்கி, சாயங்காலத்துக்குள் இதைத் தங்கள் கையில் சேர்ப்பான். படித்ததும் போன் செய்யுங்கள். ஜெயபாரதிதான் எடுப்பாள். பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்லி, 'மாப்பிள்ளை, அங்கே வெயில் எப்படி' என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடு என்று அர்த்தமாக எடுத்துக்கொள்கிறேன். வெயிலைப் பற்றி ஒன்றும் கேட்காவிட்டால் வாயை மூடிக்கொள்கிறேன். தயவுசெய்து பழக்கத்தில் மறந்துபோய் வெயிலைக் கேட்டுவிட வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். சந்தியா தாத்தா பாட்டிக்கு முத்தம் அனுப்புகிறாள். வீட்டுச் சாமியறையில் விளக்கேற்றும்போது தங்கள் மகளுக்காக ஒன்றும், அவளைக் கெடுத்த பாவிக்காக மிச்சமிருக்கும் எண்ணெயில் இன்னொன்றும் ஏற்றச் சொல்லவும். தங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு எப்போதும் வேண்டும், இந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
கார்மேகம்

பின்குறிப்பு (இரவு எட்டு மணி): மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். வெயிலையும் தாராளமாக விசாரிக்கலாம். நடந்தது இதுதான். ரகசியமாகக் கொண்டுபோ என்று நூறு தடவை சொல்லிக் கொடுத்த கடிதத்தை, மாயாண்டி நேரே ஜெயபாரதியிடம் கொண்டுபோய், 'அக்கா, அண்ணன் மாமனாருக்கு எழுதுன ரகசிய லெட்டர் இது, கவர் ஒட்ட மறந்துட்டாரு, கோந்து இருக்கா?' என்று கேட்டிருக்கிறான். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவள் நிமிர்ந்து, 'அந்தப் பேப்பர் தப்புன்னு, நீங்க கேள்வி கேக்க ஆரம்பிச்ச மூணாம் நாளே எனக்குத் தெரியும்' என்றாள். 'ஒம்பது வருசம் வார்டுல நின்னவளுக்குத் தெரியாதா? நீங்க ஒவ்வொண்ணுக்கும் தப்புத் தப்புன்னு சொல்லச் சொல்ல, மறுநா காலைல புஸ்தகத்த எடுத்து எது சரின்னு தேடித் தேடிப் படிச்சேன். போன ரெண்டு தடவையும் இப்பிடிப் படிக்கல.' அப்படியானால் இருநூற்றுத் தொண்ணூறு மார்க் எப்படி வந்தது என்று கேட்டேன். 'நீங்க சோறு திங்காம மொகத்தத் திருப்பிட்டுப் படுத்தீங்களே. அதான் ஒங்க பேப்பரயும் தனியா மனப்பாடம் பண்ணேன். ஒங்களுக்கு ஒண்ணு, பரீட்சைக்கு ஒண்ணு' என்றாள். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேனே என்றேன். அவள் கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக ஆக்கிக்கொண்டே சொன்னாள்: 'சொன்னா கேள்வி கேக்குறத நிறுத்திருப்பீங்க. கல்யாணமாகிப் பதினோரு வருசத்துல தெனம் ஒரு மணி நேரம் நீங்க எம்பக்கத்துல உக்காந்து பேசுனது இதான்.'

பரீட்சை எப்படிப் போகும் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பாஸாகலாம், மறுபடியும் கொஞ்சத்தில் போகலாம். 'போச்சுன்னா ஊருக்குப் போறோம். தெனம் ஏழு மணிக்கு போன் பண்ணிக் கேள்வி கேளுங்க. ஊர்ல எட்டரை, புள்ள சாப்புட்டு முடிச்சிருவா' என்றாள்.

கவரை இப்போது நானே ஒட்டித் தருகிறேன். தாங்களும் அத்தையும் அவள் பாஸாக வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள். அந்த ஏழு மணிக் கேள்விகளைப் போனில் கேட்க எனக்கு மனமில்லை மாமா.